விலை பேசத் தெரியாத பாஷை

மூன்றாவது தடவையும் கேட்டுப் பார்த்தாயிற்று. விலை குறைக்கக் கேட்கிற வசனத்தை அந்தப் பொம்பிளை சொல்லவே இல்லை.

லைலா ஃபோனைக் குசினி மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்துவிட்டு, முகத்தை அதற்குக் கிட்டக் கொண்டுபோனார். திரையில் ஸ்பெயின்காரி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். கடைக்குள் வருகிறாள். 'ஓலா' என்கிறாள். ஒரு நீலச் சட்டையைக் கையில் எடுக்கிறாள். 'குவாந்தோ குவெஸ்தா?' என்று விலை கேட்கிறாள். கடைக்காரி விலையைச் சொல்கிறாள். கொஞ்சம் கூடத்தான் என்று இவள் சிரிக்கிறாள். கடைக்காரியும் சிரிக்கிறாள். 'எஸ் முய் போனீத்தோ', நல்ல அழகாயிருக்கிறது என்கிறாள். 'மே லோ யேவோ', எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். பை கைமாறுகிறது. பாடம் முடிகிறது.

"இஞ்சருங்க, இந்தப் பாடத்தில நடுவில என்னமோ விடுபட்டிரிக்கி."

மீராமுகைதீன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன விடுபட்ட?"

"விலையச் சொன்னாள். மறுகா இவள் எடுத்துட்டாள். நடுவில ஒண்டுமே நடக்கல்ல."

"அங்க அப்பிடித்தான் புள்ள. துணியில விலை ஒட்டியிரிக்கும். அதக் குடுத்திட்டு எடுக்க வேண்டியதுதான்."

"ஒட்டினா என்ன? ஒட்டின ஆளோட கதைக்கேலாதா?"

மீராமுகைதீன் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மனைவியோடு விலை பேசி அவர் என்றைக்கும் வென்றதில்லை.

அந்த நடுவில்தான் லைலா முப்பது வருடமாக வாழ்ந்துகொண்டிருந்தார். கல்முனையில் ஒரு வீட்டில் கலியாணம் பேசி முடிந்தால், நாள் குறிப்பதற்கு முன்னாலேயே "உடுப்பெடுக்க லைலா ராத்தாவைப் பிடிச்சுக்கொள்ளுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மருதமுனையிலிருந்துகூட ஓட்டோ அனுப்பி அழைத்துப் போவார்கள். அவர் விலை பேசும் முறை பஸாரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் துணியை வெளிச்சத்தில் பிடித்து முகத்தைச் சுளிப்பார். பிறகு தம்முடைய விலையைச் சொல்வார். அது கடைக்காரர் சொன்னதில் அரைவாசியைத் தாண்டாது. கடைக்காரர் நெஞ்சில் கைவைப்பார். லைலா செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி, ரோட்டோரத்து வடிகான் வரைக்கும் போவார். அங்கே வைத்துக் கடைக்காரர், "வாங்க, வாங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒருத்தர் கூப்பிடவில்லை. மகள் றிப்னாவுக்கு அப்போது பதினொரு வயது. நோன்புப் பெருநாளைக்கு உடுப்பெடுக்கப் போன இடத்தில் ஒரு மஞ்சள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். லைலா வழக்கம்போல் படியிறங்கினார். வடிகான் வரைக்கும் போனார். வடிகானைத் தாண்டிச் சந்தி வரைக்கும் போனார். பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பிப் போயிருக்கலாம், ரோசம் விடவில்லை. வேறு கடையில் பச்சையில் ஒன்று எடுத்தார்கள். றிப்னா பெருநாளன்று அதை உடுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லா வீட்டுக்கும் போய் வந்தாள். அதன்பிறகு உம்மாவோடு கடைக்குப் போனால் உள்ளே வரமாட்டாள். வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பாள். பிள்ளை தன்னால் வெட்கப்படுகிறாள் என்று லைலாவுக்கு விளங்கியது. விளங்கியும் அந்தப் பழக்கத்தை விட முடியவில்லையே என்பது இன்றைக்கும் அவருக்கு உறுத்தல்.

அந்த றிப்னா இப்போது பார்சிலோனாவில் இருக்கிறாள். புருஷன் ஸாஜித்துக்கு அங்கே துறைமுகத்துக் கம்பனி ஒன்றில் வேலை. மகளை நேரில் கண்டு நாலு வருடம். மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்லி, விசாவும் கிடைத்து, டிக்கட்டும் போட்டாயிற்று. பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது வட்ஸ்அப்பில் அந்தப் பாடத்தை அனுப்பி, கூடவே குரலையும் அனுப்பியிருந்தாள்.

"உம்மா, வேற ஒண்டும் படிக்க வேணாம். உடுப்புக் கடைப் பாடத்த மட்டும் நல்லாப் பாடமாக்கிக்கொண்டு வாங்க. மத்தத நான் பாத்துக்கொள்ளுறன்."

லைலா அதை நாலு தரம் கேட்டார். ஐந்தாம் தரம் எல்லாம் விளங்கிவிட்டது. நேரே சொல்ல மனமில்லாமல் பிள்ளை சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாள். இங்கே வந்தும் உங்கள் வேலையைக் காட்டிவிடாதீர்கள், இந்தப் பொம்பிளையைப்போல் விலையைக் கேட்டு, சிரித்து, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் அதன் அர்த்தம்.

இந்த முறை பிள்ளையை வெட்கப்பட வைப்பதில்லை என்று லைலா முடிவெடுத்தார். பதினொரு வசனத்தைப் பாடமாக்குவது பெரிய காரியமில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா வருவதுதான் காரியம். அதற்குப் பழக வேண்டும், பழக ஒரு கடை வேண்டும்.

அப்துல் கபூரின் புடவைக்கடைக்கு அவர் வந்தபோது காலை பத்து மணி. லைலாவைக் கண்டதும் கபூர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தேத்தண்ணிக்கும் ஆளனுப்பினார். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஆயத்தமாகிவிட்டார்.

"என்ன ராத்தா, கன நாளாக் காணல்ல?"

லைலா ஒரு சல்வார் துணியைத் தொட்டார். 'குவாந்தோ குவெஸ்தா' என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, "இது என்ன விலை காக்கா?" என்றார்.

"ஆறாயிரத்து ஐநூறு."

கபூர் ஏற்றித்தான் சொன்னார். லைலாவுக்கு ஏற்றிச் சொல்லாமல் விட்டால் அது மரியாதைக் குறைவு.

'மூவாயிரம்' என்று லைலாவின் வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். "நல்ல வடிவா இரிக்கி. எடுக்கிறன்."

"சரி, உங்கட விலையச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்லுற? எடுக்கிறன் எண்டன்."

"ஆறாயிரத்து ஐநூறுக்கா?"

"ஓம்."

கபூரின் சிரிப்பு நின்றது. "ராத்தா, உங்களுக்குச் சொகமில்லயா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சொகம்."

"மீராமுகைதீன் காக்காவுக்கு?"

"அவருக்கும் சொகந்தான். பையில போடுங்க."

கபூர் பையில் போடவில்லை. துணியைத் தாமே வெளிச்சத்தில் பிடித்து முகத்தைச் சுளித்தார். "இஞ்ச ஒரு நூல் இழுபட்டாப்போல இரிக்கி. ஆறாயிரம் தாங்க."

"ஒண்டும் இழுபடல்ல. ஆறாயிரத்து ஐநூறு."

"ஐயாயிரத்து ஐநூறு. கடசி விலை."

"காக்கா, நீங்க முதல்ல சொன்னது என்ன?"

"நான் என்னவும் சொல்லுவன் ராத்தா! அதுக்காக நீங்க தாறதா? ஒரு கதையும் கதைக்காம நீங்க தந்த காசு எனக்கு எப்பிடி ஹலாலாகும்?"

கடைக்காரர் இறக்கிக்கொண்டு வர, வாங்க வந்தவர் ஏற்றிக்கொண்டு போன வியாபாரத்தை அன்றைக்குத்தான் கல்முனை கண்டது. ஐயாயிரத்தில் வந்து கபூர் அசையாமல் நின்றார். லைலா ஆறாயிரத்து ஐநூறை மேசையில் வைத்தார். துணியை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வடிகானுக்குக் கிட்டப் போனபோது, "ராத்தா, வாங்க, மிச்சத்த எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று கபூர் பின்னால் கத்தினார். லைலா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது வென்றுவிட்டோம் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தார். மனது கேட்கவில்லை. உப்புப் போடாத கறியைச் சாப்பிட்டுவிட்டு எழும்பியதுபோல் இருந்தது.

மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லுமுன் செய்தி பஸார் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. லைலா ராத்தா கேட்ட விலைக்கு எடுத்தாவாம். நாக்கு இழுத்துக்கொண்டதாம் என்றார்கள் சிலர். மருமகன் ஐரோப்பாக் காசை அள்ளி அனுப்புகிறானாம் என்றார்கள் சிலர். பின்நேரம் அஸருக்குப் பிறகு செவ்விளநீர்க் குலையோடு நோய் பார்க்கச் சனம் வந்தது. லைலா எழும்பி நின்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால், "பாவம், நோயோட எழும்புறா" என்றார்கள். படுத்தால் "கண்டீங்களா" என்றார்கள்.

அந்தியில், மஃரிபுக்கு முன் கபூரே ஒரு பை தோடம்பழத்தோடும் மீதிக் காசோடும் வந்துவிட்டார். மீராமுகைதீன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"அது என்னெண்டா கபூர், அவ ஸ்பெயி..."

லைலா பார்த்த பார்வையில் மீதி உள்ளே போய்விட்டது. பெற்ற பிள்ளை தன்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று ஊருக்குச் சொல்வதா? கதையை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்தார்.

"கபூர் காக்கா, இனி நான் விலை பேசுறல்ல. நீங்க சொல்லுற விலைதான் விலை. உங்கள நம்பிட்டன்."

கதை அங்கேதான் தொடங்கியது. முப்பது வருடத்தில் தம்மை ஒரு நாளும் நம்பாத பொம்பிளை திடீரென்று நம்பியதைக் கபூரால் தாங்க முடியவில்லை. நம்பி வருகிறவரிடம் ஏற்றிச் சொன்னால் மறுமையில் யார் பதில் சொல்வது? இரண்டு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு, இருக்கிற துணிக்கெல்லாம் நியாயமான விலை எழுதி ஒட்டினார். மூன்றாம் நாள் வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'ஒரே விலை. விலை பேசப்படாது.'

விலை ஒட்டின பெரிய கடைகள் கல்முனையில் இல்லாமலில்லை. கபூர் கடை அப்படியாகும் என்று யாரும் நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா கலியாண அலைச்சலில் இது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் றுஸ்தாவின் கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள். மாப்பிள்ளையின் உம்மாவுக்கும் ராத்தாமாருக்கும் சேர்த்து உடுப்பெடுக்க வேண்டும். லைலா வருவதாக ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்.

"ராத்தா, நீங்க வராம நான் கபூர் காக்காட கடைப்படி ஏற மாட்டன்."

தட்ட முடியவில்லை. இன்றைக்கு ஒரு நாள் பழையபடி பேசிவிட்டு நாளையிலிருந்து மறுபடி நோன்பு பிடித்ததுபோல் இருந்துவிடலாம் என்று லைலா கூடப்போனார். உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட எட்டிப் பார்த்தது.

பலகையைக் கண்டு கைருன்னிஸா நின்றுவிட்டார். "என்ன காக்கா இது?"

"லைலா ராத்தாட ஏற்பாடு," என்றார் கபூர் பெருமையோடு.

"அத விடுங்க," என்று லைலா முன்னால் வந்தார். றுஸ்தா ஒரு மரூன் சாறியை எடுத்து வைத்திருந்தாள். லைலா அதை வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தைச் சுளிக்க வேண்டிய இடம். ஆனால் ஒரு கிழமையாகக் காலையும் மாலையும் ஸ்பெயின்காரியோடு சேர்ந்து சிரித்துப் பழகிய முகம் சுளிக்க மறுத்தது.

"நல்ல வடிவா இரிக்கி," என்றது வாய்.

கைருன்னிஸா அவருடைய கையைக் கிள்ளினார். சாறி வாங்கப் போன இடத்தில் சாறியைப் புகழ்ந்த மனுசியை அவர் கண்டதில்லை. "இவவை நம்பி வந்தது என்ட புத்தி," என்று சொல்லிவிட்டுத் தாமே செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வடிகானுக்குப் போனார். போய் நின்றார். வெயில் சுட்டது. கபூருக்குக் கூப்பிட ஆசைதான். பலகை விடவில்லை.

றுஸ்தா சாறியிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். லைலாவுக்கு அந்த மஞ்சள் சட்டை ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கைருன்னிஸாவின் கையைப் பிடித்தார்.

"வா புள்ள. ஒட்டின விலைக்கே எடு. ரோசத்தப் பாத்தா மறுகா ஆயுசுக்கும் யோசிப்பாய்."

"நீங்களா ராத்தா இதச் சொல்லுற?"

எடுத்தார்கள். ஒட்டியிருந்த விலை, லைலா ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்திருந்தால் வந்து நின்றிருக்கும் விலைதான். அது லைலாவுக்கும் தெரியும், கபூருக்கும் தெரியும். கைருன்னிஸாவுக்கு அதில் திருப்தி இல்லை. குறைத்து வாங்கினோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் போயிற்றே. அன்றிலிருந்து லைலாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பின்நேரம், கபூர் வந்தார். இந்த முறை தோடம்பழம் இல்லை.

"ராத்தா, நீங்க வந்து என்னோட ஒருக்கா சண்ட பிடிக்கோணும்."

"என்ன காக்கா சொல்லுறீங்க?"

"கடைக்குச் சனமில்ல. வருதுகள், பலகையப் பாக்குதுகள், போகுதுகள். நியாயமா விலை போட்டா, 'எவ்வளவு ஏத்தி ஒட்டியிரிக்கானோ' எண்டு கேட்குதுகள்."

"பலகையக் கழட்டுங்களன்."

"கழட்டினாலும் பேர் போகாது. லைலா ராத்தாவாலயே குறைக்கேலாத கடை எண்டு ஊரெல்லாம் கதை. நாலு சனம் பாக்க நீங்க வந்து கத்தினாத்தான் அது தீரும்."

லைலா தேத்தண்ணியை வைத்தார். கபூர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"றிப்னாட கலியாணச் சாறிக்கு நீங்க வந்தது ஞாபகமா? லுஹருக்குப் பாங்கு சொல்ல நான் போய்த் தொழுதிட்டு வாறன், நீங்க அதே விலையில இரிக்கீங்க."

"நீங்க அஸர் தொழுதிட்டு வந்துதானே இறங்கினீங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு கபூரின் குரல் இறங்கியது.

"சுனாமியில கடல் வந்துபோன வருஷம், நான் மறுபடி கடை திறந்த அண்டைக்கு துணி அடுக்குற றாக்கை எல்லாம் வெறுமை. என்னத்துக்குத் திறந்தேனோ எண்டு இரிந்தன். நீங்க வந்தீங்க. இரிந்த ஒரு பெட்சீட்டுக்கு ஒரு மணித்தியாலம் விலை பேசினீங்க. வடிகானே இல்ல அப்ப, மண் மூடிக் கிடந்த, அதுவரைக்கும் போய் நிண்டீங்க. நான் கூப்பிட்டன். அண்டைக்குத்தான் ராத்தா எனக்கு இனி வாழலாம் எண்டு வந்த."

 அந்த பெட்சீட் லைலாவுக்குத் தேவைப்படவில்லை. கபூரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டார். அந்தக் கத்தல், அந்த நெஞ்சில் கைவைப்பு, அந்தக் கூப்பிடுதல் எல்லாம் தமக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று இந்த மூன்று கிழமையில்தான் தெரிந்தது. இப்போதே எழும்பிப் போய்ப் படியேறிவிடலாம்போல் இருந்தது.

"ஏலாது காக்கா," என்றார். "இப்ப ஒருக்கா வாயத் திறந்தா மறுகா மூடாது. அங்க போய் அந்த வெள்ளக்காரனுகளோட கத்தி நிப்பன். றிப்னாக்கு சின்ன வயசிலிருந்து நான் விலை பேசினா வெக்கம். அதுக்குத்தான் பாடம் அனுப்பிப் பழகச் சொல்லியிரிக்காள். நாலு வருஷம் கழிச்சு மகளப் பாக்கப் போறன். இந்தத் தரமாவது அவள் கடைக்குள்ள வந்து என்ட பக்கத்தில நிக்கோணும்."

கபூர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"அப்ப வேணாம் ராத்தா. பலகை இரிக்கட்டும்."

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. றிப்னா, வீடியோவில். பின்னால் ஸாஜித்தின் தோள் தெரிந்தது.

"உம்மா, பாடம் எப்பிடி?"

லைலா கபூரை இருக்கச் சொல்லிக் கை காட்டினார். முக்காட்டைச் சரிசெய்தார். ஓலாவில் தொடங்கி, நன்றி சொல்கிற கிராஸியாஸ் வரைக்கும் பதினொரு வசனத்தையும் ஒரு பிழையில்லாமல், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துச் சொல்லி முடித்தார். மீராமுகைதீன் கைதட்டினார்.

"மாஷா அல்லாஹ் உம்மா! சரி, மறுகா? விலையச் சொன்னவுடன என்ன செய்வீங்க?"

"என்ன செய்ற? குடுத்திட்டு வருவன்."

றிப்னா ஃபோனுக்குக் கிட்ட வந்தாள். "குறைக்க மாட்டீங்களா?"

"ஒரு சதமும் குறைக்க மாட்டன் மகள். மூணு கிழமையாப் பழகிட்டன். இஞ்ச கபூர் காக்காட்டக் கேளுங்க. உங்களுக்கு என்னால ஒரு வெக்கமும் வராது."

றிப்னா கையைத் தலையில் வைத்தாள்.  ஃபோன் ஆடியது. ஸாஜித் அதைப் பறித்துக்கொண்டு முகத்தை முழுசாக உள்ளே கொண்டுவந்தான்.

"மாமி, அப்பிடி மட்டும் சொல்லிராதிங்க, இஞ்ச ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில விலை பேசத் தெரியாம நாங்க நாலு வருஷமா ஏமாந்துகிட்டு இரிக்கம், ஊரிலிருந்து உம்மா வந்து எல்லாத்தையும் அரைவாசியாக்கித் தருவா எண்டு உங்கட மகள் சொல்லித் திரிஞ்சதில எங்கட மாடிக் கட்டடத்தில பதினாலு பொம்பிளைகள் மூணு மாசமா ஒரு உடுப்பும் எடுக்காமப் பேர் எழுதிக் குடுத்துட்டுக் காத்திரிக்காங்க, அதில முதல் பேர் றிப்னா!"